கல் பொறுக்கும் உரிமை

உலக மொழிகளுக்குத் தமிழ் வழங்கிய சொற்களைப் பேசும்போது கட்டுமரத்தையும் சுருட்டையும் மிளகுத்தண்ணீரையும் நாம் பெருமையோடு நினைவுகூர்கிறோம். அந்த வரிசையில் இடம்பெற வேண்டிய இன்னொரு சொல்லை ஏனோ மறந்துவிடுகிறோம். அது குருந்தம். வைரத்திற்கு அடுத்த கடினம் உடைய கல்லுக்கு இன்று உலகமெங்கும் அறிவியலார் வழங்கும் பெயர் 'கோரண்டம்'. அதன் வேராக ஆங்கில அகராதிகள் காட்டுவது தமிழ்க் குருந்தத்தையே. வடமொழியின் குருவிந்தமும் அதற்கு உறவுச் சொல்தான்.

கத்தி தீட்டும் சாணைக்கல்லில் அரக்கோடு கலந்து பிசையப்பட்டது இந்தக் குருந்தப்பொடி. மணிகளுக்குப் பட்டை தீட்டியதும் இதே பொடிதான். சாணை பிடிப்பவர் சக்கரத்தைச் சுழற்றித் தெருவில் நின்ற நாட்களில், அவர் கையிலிருந்த கல்லின் பெயர் கடல் கடந்து பேரறிஞர்களின் ஏடுகளில் ஏறியிருந்தது என்பதை அவரும் அறியார். அரிவாளை நீட்டிய நாமும் அறியோம்.

கல்லுக்கும் மனிதனுக்கும் உள்ள இந்த உறவின் வரலாறு சேலம், நாமக்கல் சமவெளிகளில் ஆழமாகப் பதிந்துள்ளது. அது கல்லை வெட்டியவர்களின் வரலாறு மட்டுமன்று. கல்லைப் பொறுக்கியவர்களின் வரலாறும் ஆகும். யார் பொறுக்கினார்கள்? யாருக்காகப் பொறுக்கினார்கள்? இன்று பொறுக்க யாருக்கு உரிமை உண்டு? இக்கேள்விகளைச் சற்று நின்று சிந்திப்பது நமக்கு நன்மை பயக்கும் என எண்ணுகிறோம்.

எலி தள்ளிய கல்

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக் கோட்டையிலிருந்து இங்கிலாந்துக்குச் சில கற்கள் அனுப்பப்பட்டன. அவற்றைப் பெற்றவர் ஜான் உட்வர்டு என்ற மருத்துவ அறிஞர். தம் சேகரிப்பின் பட்டியலில் இக்கல்லைக் குறிக்கும்போது, நெல் விளையும் வயல்களில் எலிகள் வளை தோண்டி இதை வெளியே தள்ளுகின்றன என்றும், இரும்பை மெருகேற்ற இது பயன்படுகிறது என்றும் அவர் எழுதி வைத்தார். குருவிந்தம் என்ற பெயரும், 'நல்ல', 'தெல்ல' என்ற தெலுங்கு அடைமொழிகளோடு, திரிந்த வடிவில் அப்பட்டியலில் ஏறியது. கருப்பு, வெளுப்பு என்பதே அவற்றின் பொருள். உட்வர்டு 1728இல் மறைந்தார். அவரது சேகரிப்பு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது.

எலி தள்ளியதை உழவர் கண்டார், பொறுக்கினார், சாணை செய்பவரிடம் விற்றார். அந்தச் சங்கிலியின் முதற்கண்ணியில் இருந்த உழவரின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. கல்லுக்கு அவர் இட்ட பெயர் மட்டும் வாழ்கிறது.

1798இல் சார்லஸ் கிரெவில் என்ற ஆங்கிலப் பிரபு, ஆசியாவிலிருந்து வரும் இக்கல்லைப் பற்றி இலண்டன் அரச கழகத்தின் ஏட்டில் விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட்டார். அதன் பின்னரே கோரண்டம் என்ற பெயர் அறிவியலில் நிலைபெற்றது. பிரெஞ்சுப் புரட்சியால் நாட்டை விட்டு வெளியேறி இலண்டனில் அடைக்கலம் புகுந்திருந்த பூர்னோன் பிரபு, 1802இல் அதே ஏட்டில் எழுதிய கட்டுரையில் மேலும் ஒரு படி சென்றார். மன்னர்களின் மகுடத்தில் ஒளிரும் கெம்பும் நீலமும் நம் சாணைக்கல்லின் குருந்தமும் ஒரே இனத்துக் கற்கள் என்று அவர் நிறுவினார். அரண்மனையில் இருப்பதும் தெருவில் சுழல்வதும் ஒன்றே என்ற உண்மை நம் நாட்டுக் கற்களைக் கொண்டு ஐரோப்பாவில் மெய்ப்பிக்கப்பட்டது. குருந்தம் பொதிந்திருந்த வெண்ணிறத் தாய்ப்பாறையையும் பூர்னோன் தனியே ஆராய்ந்து, நம் நாட்டின் நினைவாக அதற்கு 'இந்தியனைட்' எனப் பெயரிட்டார். இந்தப் பெயரை வாசகர்கள் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

இதே காலத்தில் பாரிசில் படிகங்களின் வடிவ இலக்கணத்தை வகுத்துக்கொண்டிருந்தவர் ரெனே ஷூஸ்ட் ஹாவி. படிகவியலின் தந்தை என்று போற்றப்படும் அவர் ஒரு கத்தோலிக்கக் குரு. 1792இல் புரட்சியாளர்கள் அவரைச் சிறையில் அடைத்தபோது, அவரிடம் பயின்ற இளம் அறிஞர் ஒருவரின் முயற்சியே அவரை மீட்டது. நிலவியலுக்கு அடித்தளம் இட்ட நிக்கோலஸ் ஸ்டெனோவும் 1669இல் தம் நூலை வெளியிட்ட பின் குருவாகி, ஆயராகி, 1988இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலால் அருளாளராக உயர்த்தப்பட்டவர். கல்லை உற்று நோக்குவது இறைவனின் கைவண்ணத்தை உற்று நோக்குவதற்கு முரண் அன்று என்பதற்கு இவர்களின் வாழ்வு சான்று.

கிரெவில் 1809இல் மறைந்தார். அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் அருங்காட்சியகம் அவரது கனிமச் சேகரிப்பை 13,727 பவுனுக்கு விலைக்கு வாங்கியது. அக்காலத்தில் அது மிகப் பெருந்தொகை. கல்லைப் பொறுக்கியவருக்குக் கிடைத்த கூலி எவ்வளவு இருந்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

எழுபது ஆண்டு உறங்கிய பெட்டி

ஆயினும் கல்லைக் கொண்டுசென்றவர்கள் எல்லாரையும் ஒரே தராசில் நிறுப்பது நீதியாகாது. லெஷனோ தெ லா தூர் என்ற பிரெஞ்சு இயற்கையியலார் 1816இல் புதுச்சேரிக்கு வந்தார். தாவரவியலே அவரது முதன்மைத் துறை. எனினும் சேலம் வட்டாரத்திலும் பின்னர் இலங்கையிலும் சுற்றியபோது கண்ட பாறைகளிலிருந்து சில்லுகளைத் தட்டியெடுத்து, எடுத்த இடத்தைக் குறித்துப் பாரிசுக்கு அனுப்பினார். அவர் 1826இல் மறைந்தார். கற்கள் பெட்டிகளில் உறங்கின.

சுமார் எழுபது ஆண்டுகள் கழிந்தபின் ஆல்பிரட் லக்ருவா என்ற இளம் அறிஞர் அப்பெட்டிகளைத் திறந்தார். அதற்குள் பாறையை மெல்லிய தகடாகத் தேய்த்து நுண்ணோக்கியில் காணும் முறை வந்திருந்தது. லெஷனோவின் கற்களை அவ்வாறு ஆராய்ந்து 1889இல் லக்ருவா எழுதிய ஆய்வு, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ஏட்டில் 1891இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. சேலத்தின் பாறைகளைப் பற்றிச் சேலத்தைக் காணாத ஒருவர் எழுதிய அந்த ஆய்வு, இங்குள்ள நிலவியலாருக்கே வழிகாட்டியாயிற்று.

இதிலிருந்து நாம் கற்கும் பாடம் எளியது, ஆனால் இன்றியமையாதது. இடம் குறிக்கப்பட்ட கல் ஓர் ஆவணம்; இடம் தெரியாத கல் வெறும் அலங்காரப் பொருள். எடுத்தவர் தாம் அறியாத ஒன்றைப் பின்வருவோர் அறியும் வகையில் பாதுகாத்துவிட்டால், அவரது சேகரிப்பு பேராசையாகாமல் பொறுப்பாகிறது.

இத்தகைய பொறுப்பை நம் மண்ணிலேயே நிறைவேற்றிய ஒருவர் உண்டு. 1863இல் பல்லாவரத்தில் கற்காலக் கருவியைக் கண்டெடுத்து இந்தியத் தொல்லியலின் காலக்கணக்கையே மாற்றிய இராபர்ட் புரூஸ் பூட், வில்லியம் கிங்குடன் சேர்ந்து சேலம் மாவட்டப் பகுதிகளின் நிலவியலையும் ஆராய்ந்து 1864இல் வெளியிட்டார். ஓய்வுக்காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்தார். வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த தொல்பொருட்களை அவர் சீமைக்கு அனுப்பவில்லை. 1904இல் அவை சென்னை அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. 1912இல் அவர் கல்கத்தாவில் மறைந்தபின் அவரது அஸ்தி ஏற்காட்டு ஆலயக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது. சேகரித்தவரும் சேகரிப்பும் இந்த நாட்டிலேயே தங்கினர்.

தனியுரிமை வந்த வழி

பொறுக்குதல் என்பது பொது நிலத்தின் வழக்கமாக இருந்த காலத்தை முடித்துவைத்தது இரும்பு. சேலத்திற்கு மேற்கே நிற்கும் கஞ்சமலை இரும்புத்தாது நிறைந்த மலை. மலையடியில் சிதறிய தாதுக்கற்களையும் ஓடைகளில் மழை அரித்துக் கொணர்ந்த கருமணலையும் சேர்த்து, களிமண் உலையில் கரியிட்டு, ஆட்டுத்தோல் துருத்தியால் ஊதி இரும்பு உருக்கிய குடும்பங்கள் இவ்வட்டாரத்தில் பல இருந்தன. மலையும் ஓடையும் காடும் அவர்களுக்குத் திறந்திருந்தன.

1830இல் பரங்கிப்பேட்டையில் ஓர் இரும்பு ஆலை எழுந்தது. அதை நிறுவிய ஜோசயா மார்ஷல் ஹீத், கம்பெனி அரசின் அலுவலராக இருந்து விலகியவர். ஐரோப்பிய முறையில் இரும்பு செய்யும் தனியுரிமையையும் கரிக்காக மரம் வெட்டும் உரிமையையும் கடனுதவியையும் கம்பெனி அவருக்கு வழங்கியது. சேலத்தின் தாது தொலைவில் இருந்த கடற்கரை ஆலைக்குப் பயணம் செய்தது. மலபார்க் கரையில் பேப்பூரிலும் ஓர் ஆலை எழுந்தது. எனினும் கரிக்கான மரம் அருகிப் போயிற்று. செலவு வரவை விஞ்சியது. கம்பெனி பலமுறை கைமாறியும் நிலைக்கவில்லை. ஹீத் 1851இல் மறைந்தார். அவருக்குப்பின் வந்தவர்களும் இறுதியில் முயற்சியைக் கைவிட்டனர்.

ஆலை தோற்றது, ஆனால் அது கொண்டுவந்த எண்ணம் வென்றது. மலையில் கிடக்கும் தாது ஊராரின் பொதுப்பொருள் என்ற பழைய எண்ணத்தின் இடத்தில், அது ஒருவருக்கு எழுதிக் கொடுக்கத்தக்க சொத்து என்ற புதிய எண்ணம் அமர்ந்தது. சீமை இரும்பு மலிவாக வந்து இறங்கியபோது ஊர் உலைகளும் ஒவ்வொன்றாக அணைந்தன.

குருந்தத்திற்கும் இதே முடிவு வேறு வழியில் வந்தது. 1891இல் அமெரிக்காவில் எட்வர்டு அச்சிசன் என்பவர் மின்னுலையில் மிகக் கடினமான செயற்கைப் பொருள் ஒன்றைப் படைத்தார். அதற்கு அவர் சூட்டிய பெயர் 'கார்போரண்டம்'. பெயரில் பாதி நம் குருந்தம். ஆனால் அந்தப் பொருளே நம் குருந்தத்தின் சந்தையை அழித்தது. 1898இல் தாமஸ் ஹாலண்ட் இந்தியக் குருந்தத்தைப் பற்றிய நூலை எழுதியபோது, வயலில் கல் பொறுக்கி விற்ற தொழில் தன் அந்திக்காலத்தை எட்டியிருந்தது.

பிறகு வந்தது வெள்ளைக்கல்லின் காலம். சேலம் நகருக்கு வடக்கே மாமாங்கம், வெள்ளக்கல்பட்டி, செட்டிச்சாவடிப் பக்கத்தில் நிலமெங்கும் வெண்ணரம்புகள் ஓடுவதைக் கண்ட வெள்ளையர், அதைச் சுண்ணாம்பு எனக் கருதிச் சுண்ணாம்புக் குன்றுகள் என்றே பெயரிட்டனர். உண்மையில் அது மேக்னசைட். எஃகு உலைகளின் உட்சுவருக்கான தீக்கற்கள் செய்ய அது வேண்டப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித் தொடங்கிய சுரங்கத் தொழில், நாடு விடுதலை பெற்றபின் தனியார், அரசு நிறுவனங்களின் கையில் வளர்ந்தது. 1979இல் தமிழ்நாடு மேக்னசைட் நிறுவனம் தோன்றியது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்த வெண்தூசியில் உழைத்து உண்டன. உளியும் சம்மட்டியும் கூடையும் கொண்டு ஆண்களும் பெண்களும் உடைத்துப் பொறுக்கிய கல்லே நாட்டின் உலைகளைக் காத்தது. கல் பொறுக்குதல் அங்கு உரிமையாக இல்லை, கூலியாக இருந்தது.

நிலவுக்குப் போன கிராமம்

இப்போது பூர்னோனின் 'இந்தியனைட்டுக்கு'த் திரும்புவோம். நாமக்கல் மாவட்டத்தில் பரமத்தி வேலூர்ப் பகுதியில் சித்தம்பூண்டி என்ற ஊர் உள்ளது. அங்கு வெண்ணிறப் பாறை அடுக்கடுக்காகக் கிடக்கிறது. அதற்குள் சிவந்த குருந்தம் பொதிந்திருக்கிறது. ஏ. பி. சுப்பிரமணியம் என்ற இந்திய நிலவியலார் 1956இல் அமெரிக்க நிலவியல் கழகத்தின் ஏட்டில் இப்பாறைத் தொகுதியை விரிவாக விளக்கி உலகறியச் செய்தார். இதன் வயது சுமார் 250 கோடி ஆண்டு. பாறையின் பெயர் அனார்த்தோசைட். இதன் முதன்மைக் கனிமம் அனார்த்தைட். பூர்னோன் 'இந்தியனைட்' என்று அழைத்ததும் அந்தக் கனிமமே என்பதைப் பிற்கால அறிவியல் கண்டுகொண்டது.

1969இல் மனிதன் நிலவில் கால் பதித்துக் கற்களைப் பொறுக்கி வந்தான். நிலவின் வெண்ணிற மேட்டுநிலம் அனார்த்தோசைட்டால் ஆனது என்று அக்கற்கள் கூறின. பூமியில் அதை ஒத்த தொன்மையான பாறைகள் சில இடங்களிலேயே உண்டு; அவற்றுள் ஒன்று சித்தம்பூண்டி. எனவே சந்திரயான் திட்டத்திற்காக நிலவு மண்ணைப் போன்ற செயற்கை மண் தேவைப்பட்டபோது, இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளை நாடியது. சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியலாரும் இப்பணியில் துணைநின்றனர். அந்தப் பாறை அரைக்கப்பட்டு, பெங்களூரில் பரப்பப்பட்டு, அதன்மேல் நிலவு ஊர்தி ஓட்டிச் சோதிக்கப்பட்டது. இந்த மண்ணைச் செய்யும் முறைக்கு 2020இல் காப்புரிமையும் கிடைத்தது. 2023 ஆகஸ்டு 23ஆம் நாள் சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதிக்கு அருகே இறங்கியது. அங்குள்ள மண்ணும் அனார்த்தோசைட் வகையை ஒத்ததே என்று பிரக்யான் ஊர்தி அளந்து சொன்ன செய்தி 2024இல் ஆய்வேட்டில் வெளிவந்தது.

எலி வளையிலிருந்து நிலவு வரை நீண்ட பயணம் இது. ஆனால் சித்தம்பூண்டிப் பக்கத்துப் பள்ளியில் படிக்கும் சிறுமி ஒருத்தி, 'எங்கள் ஊர்க் கல் இதுதான்' என்று கையில் எடுத்துக் காட்ட, கண்ணாடிப் பேழைக்குள் வைத்த ஒரு துண்டாவது அவளது பள்ளியில் இருக்க வேண்டாமா? அந்த ஊர்ப் பெயரை இலண்டனிலும் பாரிசிலும் உள்ள அறிஞர் அறிவர். அவள் அறியாவிட்டால் அந்தக் குறை யாருடையது?

வேலிக்கு வெளியே நிற்பவர்

கல்லைக் கண்டறிய விரும்பும் மாணவரும் ஆர்வலரும் இன்று எதிர்கொள்ளும் தடைகள் பல. கனிமங்களைத் தேடுவதும் எடுப்பதும் கொண்டுசெல்வதும் 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டத்திற்கு உட்பட்டவை. அச்சட்டத்தின் அக்கறை பெருஞ்சுரங்கமும் கனிமக் கடத்தலும், அது நியாயமானதே. ஆனால் கைக்கடக்கமான ஒரு துண்டைக் கல்விக்காக எடுப்பவர் அதன் கண்ணில் தனியொருவராகத் தெரிவதில்லை. குத்தகை நிலத்தில் வேலி. பட்டா நிலத்தில் உடையவரின் ஐயம். புறம்போக்கில் அலுவலரின் ஐயம். கல்லைக் கையில் எடுத்தவனைக் கடத்தல்காரன் என்று நினைக்கவும் காரணங்கள் இல்லாமலில்லை.

மண்ணுக்கடியில் உள்ளது யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியும் எளிதன்று. மலபாரின் ஜன்ம நிலங்களைப் பற்றிய வழக்கொன்றில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நிலத்தின் உடைமை இருப்பவருக்கே பொதுவாக அடிமண்ணின் உடைமையும் உண்டு. சட்டமுறைப்படி அது பறிக்கப்பட்டிருந்தாலன்றி அரசுக்குச் சேராது எனத் தீர்ப்பளித்தது. எனினும் உடையவரும் உரிமம் பெறாமல் சுரங்கம் நடத்த இயலாது. ஆகவே கல் ஒருவருடையது. எடுக்கும் அனுமதி இன்னொருவருடையது. அறியும் ஆவல் மூன்றாமவருடையது. இம்மூவரையும் ஒரே மேசையில் அமர்த்தும் ஏற்பாடுதான் வேண்டும்.

தடைகளில் சில நம் நன்மைக்கே என்பதையும் மறுக்கலாகாது. கைவிடப்பட்ட கற்குழிகள் மழைநீரால் நிரம்பி, ஆழம் தெரியாமல் ஏமாற்றுபவை. சரியும் விளிம்புகளும் உயிர் குடிப்பவை. வெடி வைத்துத் தளர்ந்த பாறைச் சுவரின் கீழே சிறுவர் கல் தேடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் எந்த அறிவியல் ஆர்வமும் நமக்கு வேண்டாம். மற்றொரு தீங்கும் உண்டு. காங்கேயம், கரூர்ப் பக்கங்களில் மணிக்கற்கள் கிடைக்கும் செய்தி தொன்மையானது. கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகள் பச்சைக்கல், பளிங்கு மணிகள் செய்த பட்டறைகளை வெளிக்கொணர்ந்தன. பதிற்றுப்பத்தும் கொடுமணத்து அணிகலனைக் குறிக்கிறது. இத்தகைய இடங்களில் ஆர்வத்தோடு பேராசையும் மண்வெட்டியைத் தூக்கும். இடம் குறிக்காமல் வாரிச் செல்லப்படும் ஒவ்வொரு மணியும் வரலாற்றிலிருந்து கிழித்தெறியப்பட்ட பக்கம்.

ஆகவே முழுத் தடையும் வேண்டாம். முழுத் திறப்பும் வேண்டாம். பிற நாடுகள் இவ்விரண்டுக்கும் நடுவே சில வழிகளைக் கண்டுள்ளன. அமெரிக்காவின் அர்க்கான்சாஸ் மாநிலத்தில் ஓர் உழவர் நிலத்தில் 1906இல் வைரம் கிடைத்தது. வணிகச் சுரங்க முயற்சிகள் தோற்றபின், 1972இல் அது மாநிலப் பூங்கா ஆயிற்று. கட்டணம் செலுத்தி உள்ளே செல்பவர் கண்டெடுத்ததைத் தாமே வைத்துக்கொள்ளலாம். அந்நாட்டின் பொது நிலங்கள் சிலவற்றில் கல்மரத் துண்டுகளை விற்பனைக்கன்றிச் சொந்தப் பயனுக்காக எடுக்க, ஆண்டுக்கு 250 பவுண்டு எடை என்ற வரம்பு உண்டு. இலங்கையில் இரத்தினக்கல் தோண்ட உரிமம் பெறுபவர், குழியை மீண்டும் நிரப்புவதற்கு ஈடாகப் பிணைத்தொகை கட்ட வேண்டும். ஓரிடத்தில் வரம்பு, ஓரிடத்தில் கட்டணம், ஓரிடத்தில் பொறுப்பு.

நம் நாட்டிலும் விதைகள் இல்லாமலில்லை. நிலவியல் ஆய்வுத் துறை தேசிய நிலவியல் நினைவுச் சின்னங்கள் எனச் சில இடங்களை அறிவித்துள்ளது. அவற்றுள் ஒன்று நாம் நன்கறிந்த பரங்கிமலை. திருத்தூதர் தோமாவின் நினைவைத் தாங்கி நிற்கும் அம்மலையின் பாறைக்கு 'சார்னக்கைட்' எனப் பெயரிட்டவர் மேலே நாம் கண்ட ஹாலண்ட். கல்கத்தாவின் புனித யோவான் ஆலய வளாகத்தில் ஜோப் சார்னக் என்பவரின் கல்லறைக் கல் இப்பகுதிப் பாறையே என்று 1893இல் அவர் கண்டார். திருப்பயணிகளாய்ப் படியேறும் நாம், நம் காலடியில் இருப்பது உலகப் புகழ் பெற்ற பாறை என்பதை எண்ணிப் பார்த்ததுண்டா? அங்கே பக்தியும் அறிவியலும் ஒரே குன்றில் குடியிருக்கின்றன. ஒன்று மற்றொன்றை வெளியேற்றவில்லை. நிலவியல் மரபிடங்களைக் காப்பதற்கான வரைவு மசோதா ஒன்றை நடுவண் அரசு 2022 டிசம்பரில் வெளியிட்டது. காப்பதோடு, காட்டுவதையும் கடமையாக்கும் சட்டமே நமக்கு வேண்டியது.

கதிர் பொறுக்கும் நீதி

சுரங்கத்தைப் பற்றி விவிலியம் பேசுகிறது. யோபு நூலின் 28ஆம் அதிகாரம் இருளைத் துளைத்துச் செல்லும் சுரங்கத் தொழிலாளரை வியந்து, இரும்பும் நீலமணியும் மண்ணிலிருந்து எடுக்கப்படுவதைக் கூறி, ஞானம் எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்கு நம்மை அழைத்துச் செல்கிறது. கல்லைத் தோண்டத் தெரிந்த மனிதன் ஞானத்தைத் தோண்டத் தெரியாமல் திகைக்கும் நிலையை அது சித்திரிக்கிறது.

லேவியர் நூலின் 19ஆம் அதிகாரமோ வேறொரு வழியைக் காட்டுகிறது. வயலின் ஓரத்தை முற்றிலும் அறுத்துவிடாதே. சிந்திய கதிரைப் பொறுக்காதே. அதை ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிடு என்பது அங்கே தரப்படும் கட்டளை. ரூத்து அந்த உரிமையால்தான் வாழ்ந்தாள். நிலம் போவாசுக்கு உரியதுதான். அதை அவள் மறுக்கவில்லை. ஆனால் ஓரமும் சிந்தியதும் அவளுக்கு உரியவை. அதை அவர் மறுக்கவில்லை. உடைமையை ஒழிக்காமல் உடைமைக்கு ஓர் ஓரம் வகுத்த நீதி அது. மண்ணுலகும் அதிலுள்ளவையும் எல்லாருக்குமாகப் படைக்கப்பட்டவை என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பித்ததும் இந்த நீதியின் விரிவே.

கனிம வயலுக்கும் அத்தகைய ஓரம் ஒன்றை வகுத்தால் என்ன? சுரங்கத்தை மூடும் திட்டத்திலேயே, பாதுகாப்பான ஒரு பாறைமுகத்தைக் கல்விக்காக ஒதுக்கிவைக்கலாம். பயனற்றதென்று கொட்டப்படும் கற்குவியல்களில், பொறுப்பாளர் துணையோடு மாணவர் ஆண்டில் சில நாட்கள் தேட இசைவு தரலாம். எடுத்த துண்டுக்கு எடையும் எண்ணிக்கையும் வரையறுத்து, எடுத்த இடத்தை எழுதிவைக்கக் கற்பிக்கலாம். 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மாவட்டந்தோறும் கனிம அறக்கட்டளைகள் அமைக்கச் சட்டம் வழிசெய்தது. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களின் நலனே அவற்றின் நோக்கம். தூசியைச் சுவாசித்த ஊர்களின் பிள்ளைகளுக்கு அந்த நிதியில் ஒரு சிறு கற்காட்சிக் கூடம் கேட்பது பேராசையாகாது. நம் மறைமாவட்டப் பள்ளிகளும் ஒரு மர அலமாரியிலாவது தங்கள் வட்டாரத்துக் கற்களை, ஊர்ப் பெயரோடு, உடையவர் இசைவோடு சேர்த்துவைக்கலாம். அதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. ஓர் ஆசிரியரின் ஆர்வம் போதும்.

அந்த அலமாரியில் கஞ்சமலையின் கரிய தாது ஒன்று இருக்கட்டும். மாமாங்கத்தின் வெள்ளைக்கல் ஒன்று. சித்தம்பூண்டியின் வெண்பாறையில் பொதிந்த செங்குருந்தம் ஒன்று. ஒவ்வொன்றின் கீழும் ஊரின் பெயரும் எடுத்த நாளும், அதைப் பொறுக்கிய பிள்ளையின் பெயரும் எழுதப்பட்டிருக்கட்டும். முன்னூறு ஆண்டுகளாக எந்தப் பட்டியலிலும் ஏறாத பெயர் அது.